ரிலீவர் வரும்வரை

போன வாரம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, "மேடம், ரிசப்ஷன்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். இதே ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்து ஊரையே பேசவைத்தவளுக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வரவில்லை. முகம் தெரியாதவர்களோடு பேசியே பழகியவளை இத்தனை முகங்களுக்கு எதிரே நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமும் வரவில்லை, சொல்லாமல் விட்டதுதான் மனசில் ஓடியது. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

தொண்ணூற்றொன்றில் நான் இங்கே சேர்ந்தேன். அன்றைய பெங்களூரில், பக்கத்து ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். அப்போது ஆஸ்பத்திரிக்கு இருந்தவை ஆறே லைன்கள். அத்தனையும் வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறைக்கு வந்து சேரும். அங்கே ஒரு மேசை, மேசைமேல் வரிசையாக விளக்குகள் வைத்த ஒரு பெட்டி. அதைத்தான் போர்டு என்போம். விளக்கு எரிந்தால் எடுத்துப் பேசி, வார்டுக்கோ டாக்டருக்கோ இணைத்துவிட வேண்டும். கேட்க ரொம்ப எளிய வேலைதான். என் மாமியார்கூட "சும்மா உக்காந்து பேசறதுக்குச் சம்பளமா?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் வேலையில் நமக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவரை ரிலீவர் என்று சொல்வோம். எனக்கு ஒரு ரிலீவர் இருந்தாள். ஒரு வாரம் நான் காலை, அவள் மதியம். அடுத்த வாரம் மாறும். ஜீவனஹள்ளிக்காரி, என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். ஷிப்ட் மாறும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் சிநேகம் முழுவதும். சேர்ந்து சினிமாவுக்குப் போனதில்லை, ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனதில்லை. ஆனாலும் கூடப் பிறந்தவர்களைவிட அவளைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன். அவளைக் கேட்காமல் பெயரை எழுத மனம் வரவில்லை. கேட்கவும் வழியில்லை.

அவளிடம் சில பழக்கங்கள் இருந்தன. போர்டில் உட்காருவதற்கு முன்னால் இடது கை வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். "நோவுல இருக்கறவங்க வீட்டுக்காரங்க காதுல வளையல் சத்தம் விழணுமா?" என்பாள். பாத்ரூம் போய்விட்டு வந்துதான் உட்காருவாள், என்னையும் அப்படியே விரட்டுவாள். சிரிக்காதீர்கள், அவசரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டரின் குரலில் எரிச்சல் தானாக வந்துவிடும். அவள் எழுந்து போகும்போது நாற்காலி என் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்டிருக்கும். தலையில் மாட்டும் ஹெட்செட்டின் பேசும் குழாய் டெட்டால் பஞ்சால் துடைக்கப்பட்டிருக்கும். ஒரு தம்ளர் தண்ணீர், மேலே மூடிய தட்டு, தட்டின்மேல் ஒரு துண்டு சுக்கு. இதையெல்லாம் யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. செய்துவிட்டுச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

பதில் சொல்வதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒருவரைக் காத்திருக்கச் சொன்னால் திரும்பி வந்து பேசியே ஆக வேண்டும், "இன்னும் டாக்டர் வரல, நான் மறக்கல" என்றாவது சொல்ல வேண்டும். லைனில் யாரும் பேசாவிட்டால் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைக்கக் கூடாது. "பரவால்லீங்க, மெதுவா பேசுங்க, லைன்லதான் இருக்கேன்" என்று கன்னடத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்கப் பயந்துகொண்டு பெட்டிக்கடையில் ரிசீவரைப் பிடித்தபடி நிற்கும் அப்பன்மார்கள் உண்டு. அவர்களுக்கு வாய் திறக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாள். ஒருவர் இறந்துபோயிருப்பார், அது தெரியாமல் வீட்டிலிருந்து போன் வரும். அந்த மாதிரி நேரத்தில் "பொய் சொல்லாத. சேதியையும் நீ சொல்லாத. சொல்ல வேண்டிய ஆளு வர்ற வரைக்கும் லைன விட்டுப் போவாத" என்பாள். எழுதி மாட்டிய சட்டம் இல்லை இது. நானாக இருந்தால் முதல் இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுத் தப்பித்திருப்பேன். எப்படியாவது அந்த லைன் கையைவிட்டுப் போனால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவளுக்கு ஒரு தம்பி. அப்பா சொல்லிவைத்த ஒர்க்ஷாப் வேலையை அவன் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்காக, அப்பா அவனைத் தெருவில் வைத்து, நாலு பேர் பார்க்க அடித்திருக்கிறார். அன்றைக்குப் போனவன்தான், வீடு திரும்பவில்லை. தேடாத இடமில்லை. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் ஆஸ்பத்திரி நம்பர்தான். அக்காவிடம் அஞ்சு பத்து கேட்க முனைக்கடையிலிருந்து இங்கேதான் போன் செய்வானாம். அதனால் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் போர்டில்தான் வருவான் என்று அவள் நம்பினாள். டெலிபோன் இலாகாவில் தற்காலிக வேலை ஒன்று வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் காலையில் இருக்கும் வாரங்களில், தினமும் ஷிப்ட் மாறும்போது யார் யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று நான் வாயால் ஒப்பிப்பேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "நம்மாளு?" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். "செரி, நீ கெளம்பு" என்பாள். இடையில் அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றும் அதே கேள்விதான் கேட்டாள்.

ஒரு முறை என்னிடம் சொல்லி வைத்தாள். "நான் இல்லாதப்ப வந்தான்னா எங்கருந்து பேசறன்னு கேட்டுடாத. கேட்டா வெச்சிடுவான். ரோஷக்காரன்."

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

அந்த வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் அவளோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் நான் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் வரும் நேரம் நெருங்கும்போது, கல்யாண வீட்டுக்காரர்கள் வந்த வேன் ஒன்று ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் கவிழ்ந்து, அடிபட்டவர்களைக் கேஷுவால்டிக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போர்டில் விளக்குகள் மாற்றி மாற்றி எரிந்தன. மண்டபத்திலிருந்து, போலீசிலிருந்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து. நான் ஒருத்தி, காது இரண்டு.

மூன்றாவது லைனை எடுத்தேன். சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்கு இருந்த நெருக்கடியில் வேறு யாராயிருந்தாலும் வைத்திருப்பார்கள். எனக்கும் விரல் போயிற்று. ஆனால் வாய் அவள் பாட்டைத்தான் பாடியது. "பரவால்லீங்க, மெதுவா பேசுங்க, லைன்ல இருக்கேன்."

"அக்கா இல்லீங்களா?" என்றது ஒரு ஆண் குரல்.

"எந்த அக்காப்பா?"

"ஜீவனஹள்ளி அக்கா. இந்த வாரம் காலைல அவங்கதானே இருக்கணும்?"

எங்கள் ஷிப்ட் முறை வெளியாள் ஒருவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன். "நீ அவ தம்பியாப்பா?"

"ஆமாங்க. அப்பப்போ பண்ணுவேன். பேச மாட்டேன். அவங்க கொரல் கேட்டுட்டு வெச்சிடுவேன். அவங்களா வெச்சதே இல்லீங்க, நான்தான் வெப்பேன்" என்றான்.

எப்படிச் சொல்வேன் உங்களுக்கு? தம்பி வருவானா வருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அவன் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறான். அவள் யாரோ ஒரு அப்பன் என்று நினைத்து அவனுக்குப் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் அழுகையும் பொங்கிக்கொண்டு வந்தன. அவன் கையைப் பிடித்து உட்காரவைக்க முடிந்தால் உட்காரவைத்திருப்பேன். போனில் அது முடியாதே.

"இன்னிக்கு பேசணும்னுதான் பண்ணேன்" என்றான். "அப்பா எப்படிங்க இருக்காரு?"

நாலு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. பதறாத காரியம் சிதறாது என்பார்கள், பதறாமல் இருப்பது எப்படி என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை. "நல்லாருக்காருப்பா" என்று சொல்லிவிடலாம், அவள் வந்து உண்மையைச் சொல்லும்போது அவன் இனி யாரையுமே நம்ப மாட்டான். உண்மையைச் சொல்லிவிடலாம், எந்த ஊரிலோ ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் தனியாக நிற்கிறவன் ரிசீவரைப் போட்டுவிட்டு எங்கே போவானோ. அக்காவிடம் நாலு வார்த்தை பேசாமலே போய்விடுவான். அப்புறம் அவளுக்கு நான் எந்த முகத்தோடு நாற்காலியை விட்டுக்கொடுப்பது?

"தம்பி, அதை அக்கா வாயால கேளு. அவ பஸ்ல வந்துக்கிட்டிருக்கா. இங்க ஒரு வேன் ஆக்சிடென்ட், எல்லா லைனும் அடிக்குது. உன்னை நிறுத்தி வெச்சிட்டு அதை எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவேன். வெச்சிடாத. செரியா?"

"மீட்டர் ஓடுதுங்க."

"ஓடட்டும். அவ உனக்காக எவ்ளோ நாளா உக்காந்திருக்கா தெரியுமா?"

அவன் வைக்கவில்லை.

இரண்டு லைன்களை எடுத்து இணைத்துவிட்டுத் திரும்பினேன். "இருக்கியாப்பா?" "ம்." மறுபடி போனேன், திரும்பினேன். "அவ வர்ற நேரம்தான், இதோ வந்துடுவா." "ம்." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு "ம்" வருகிறதா என்று நான் ஒவ்வொரு முறையும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் பட்டனை அழுத்தினேன்.

அப்போது பார்த்து மேனேஜர் அறைக்குள் வந்தார். நல்ல மனிதர்தான், அன்றைக்கு அவருக்கும் தலைக்குமேல் வேலை. "ஏன்மா, மூணாவது லைன் என்னாத்துக்கு சும்மா ஹோல்டுல நிக்குது? பிளட் பேங்க்குக்கு லைன் கெடைக்கலன்னு கேஷுவால்டில கத்தறாங்க. கட் பண்ணு அதை!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. உள்ளே கல்யாணப் பெண்ணுக்கு ரத்தம் வேண்டும். என் சிநேகிதிக்காக ஒரு உயிரைக் காத்திருக்கவைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கேஷுவால்டிக்கு வேண்டியது ஒரு லைன், அந்த மூன்றாவது லைன்தான் என்றில்லை. பெரிய டாக்டர் அறையில் போர்டுக்கு வராத நேர் போன் ஒன்று இருந்தது. அவர் அன்றைக்கு ஊரில் இல்லை, அறையைப் பூட்டி சாவி மேனேஜரிடம்தான் இருந்தது.

"சார், பெரிய டாக்டர் ரூமைத் திறந்து விடுங்க. கேஷுவால்டி சிஸ்டர் அங்கிருந்தே பிளட் பேங்க்குக்குப் பேசட்டும், என்னைக் கேட்கவே வேணாம். எனக்கும் ஒரு லைன் மிஞ்சும்."

"அவரு ரூமையா? நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். ஜல்தி."

மேனேஜர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பெண்ணுக்கு நேரத்தில் ரத்தம் கிடைத்தது, பிழைத்துக்கொண்டாள். அதை எனக்கு மறுநாள் சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுவும் தெரியாது, பஸ் எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது.

நான் திரும்பி லைனுக்குப் போனபோது "ம்" வரவில்லை.

"தம்பி?"

"தம்பி, இருக்கியா?" மழை இரைச்சல் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுதுகொண்டிருந்தான். நான் சொல்லாமல் விட்டதையே அவன் காதில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. "இருக்கேங்க" என்றான்.

கதவு திறந்தது. முந்தானையெல்லாம் நனைந்து, குடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றாள். பஸ் வராமல் பாதி தூரம் நடந்து வந்திருக்கிறாள். அவளுக்கு என்ன ஒப்பிப்பது? வேன், பிளட் பேங்க், மேனேஜர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னேன். "நம்மாளு மூணாவது லைன்ல. அப்பாவக் கேட்டான். நான் சொல்லல."

அவள் ஓடிவரவில்லை. குடையை ஓரமாகச் சாய்த்துவைத்தாள். முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து ஹெட்செட்டை அவள் தலையில் மாட்டிவிட்டேன். அவசர நேரத்துக்கென்று இருந்த இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றபடியே மற்ற லைன்களை எடுக்கத் தொடங்கினேன். அதனால் அவள் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது.

"நான்டா" என்றாள். பிறகு, "அப்பா இல்லடா" என்றாள். நான் மாப்பிள்ளை வீட்டுக்கு வார்டு நம்பர் சொல்லிக்கொண்டிருந்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பியபோது, "உன்னைத்தான்டா கேட்டாரு. ஒவ்வொரு நாளும் நான் வேலையிலருந்து வந்ததும், போன் வந்துச்சான்னு கேப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது வரைக்கும் எனக்குத் தெரியாத செய்தி அது. தினமும் என்னிடம் கேட்ட கேள்வியை அவளிடம் வீட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வைத்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "பம்பாயில ஏதோ கேன்டீன்ல இருக்கானாம். வெள்ளிக்கிழமை பண்றேன்னான். அழறப்ப மட்டும் சின்ன வயசுல மாதிரியேதான் அழறான்." சொல்லிவிட்டு வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டாள். "நீ கெளம்பு, நனையாம போ" என்று குடையை என் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அதற்குப் பிறகு பல வெள்ளிக்கிழமைகள் வந்தது. ஊருக்கு வா என்றால் மட்டும், "அப்பா இல்லாத வீட்டுக்கு என்ன மூஞ்சியோட வர்றது" என்பானாம். பெங்களூர் மண்ணை மிதிக்கவே இல்லை. சில வருஷங்கள் கழித்து அவனுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றதும் அவள் ராஜினாமா கொடுத்துவிட்டாள். வீட்டைக் காலி செய்துகொண்டு பம்பாய்க்குக் கிளம்பினாள். கடைசி நாள் எனக்கு நாற்காலியைக் கொடுத்தபோது, "போய்ச் சேர்ந்ததும் போர்டுக்குப் பண்றேன்" என்றாள். அதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே விலாசம். என் வீட்டில் அப்போது போன் கிடையாது. அவள் போகிற பம்பாய் ஒண்டுக்குடித்தனத்தில் போனுக்கு வழியில்லை.

செய்தாள். முதலில் மாதம் ஒரு முறை, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. வீடு மாறுகிறோம் என்று ஒரு முறை சொன்னாள். அதோடு சரி.

அவள் இருந்த வரைக்கும் அவள் அருமை தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் இருந்தது. ஆனால் தினமும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் எவ்வளவு காத்திருந்தேன் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. புதிதாக வந்த பெண் நல்ல பெண்தான். ஆனாலும் மதியம் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து பார்ப்பேன், வேறு யாரோ வருவார்கள். இப்போதும் வீட்டில் அந்த நேரத்துக்கு எனக்கு ஒன்றும் ஓடாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சர்க்கரை குறைந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன்.

பிறகு ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு வந்தது. போர்டு போயிற்று. நம்பர்கள் மாறின. இதற்கு ஒன்றை அழுத்துங்கள், அதற்கு இரண்டை அழுத்துங்கள் என்று ஒரு மிஷின் பேசத் தொடங்கியது. அவள் பம்பாயிலிருந்து பண்ணும் அந்த மூன்றாவது லைன் நம்பரை மட்டும் விட்டுவையுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். சாவியோடு ஓடிய அதே மனிதர்தான். ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உங்கள் மேசையின் கடைசியில், ஜன்னல் பக்கம், பழுப்பேறிய போன் ஒன்று இருக்கிறதே, அதுதான் அது. அதன் மேல் நீங்கள் டிபன் பாக்ஸை வைத்திருந்ததை அன்றைக்கு வந்தபோது பார்த்தேன். உங்களைத் திட்டவில்லை, அடிக்காத போனை யார்தான் மதிப்பார்கள்? ஆனால் அந்த மேனேஜரும் ரிட்டையர் ஆகிவிட்டார். உபயோகமில்லாத லைன்களை ஒப்படைத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைத்தான் அன்றைக்கு மைக்கில் சொல்ல வந்தேன், சொல்ல வெட்கமாக இருந்தது. நான் அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன், மாத வாடகையை என் பென்ஷனிலிருந்து கட்டவும் தயார். நீங்களும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அது அடித்தால் எடுங்கள், கண்ணுகளா. என் வீட்டு நம்பரை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். எடுத்ததும் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல வேண்டாம், அந்தப் பெயரும் இப்போது மாறிவிட்டது. "மல்லிகா வீட்ல இருக்கா, நம்பர் தரேன், எழுதிக்கோங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.